கப்பியாரின் நாலு பேர்

நாலு பேரும் முழங்காலிட்ட பிறகும் கப்பியார் படுக்கவில்லை.

ஷைபி ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தாள். திரு இருதயப் படத்துக்கு முன்னால் மாமனார் வர்க்கி, அவருக்குப் பக்கத்தில் கணவன் சோஜன், அடுத்து ஆறு வயது ஐரின், கடைசியில் சமையலறைக் கதவை ஒட்டி அவள். வெளியே கர்க்கடக மாத மழை ரப்பர் மரங்களின் மேல் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. குந்திரிக்கச் சாம்பிராணிப் புகை மண்டிய அந்தக் கூடத்தில், கறுப்பும் வெள்ளையுமான அந்த நாய் ஒவ்வொரு முதுகாக மோந்துகொண்டு வந்து, அவளுக்குப் பின்னால் நின்று, கொஞ்சம் யோசித்து, திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. சிமெண்டுத் தரையில் நகம் படுகிற சத்தம் ஜெபமாலை முடிகிறவரை ஓயவே இல்லை.

பார்டர் கோலி என்று சொல்வார்கள். ஆடு மேய்க்கவென்றே பிறந்த ஜாதி. சோஜனின் முதல் மனைவி பின்ஸி, நியூசிலாந்தில் நர்ஸாக இருந்தபோது இந்த ஜாதி மேல் ஆசைப்பட்டு, ஊருக்கு வந்ததும் திருச்சூரில் குட்டியாக வாங்கியது. ஆடு இல்லாத வீட்டில் அது என்ன செய்யும்? மனிதர்களை மேய்த்தது. அந்தி மயங்கினால் போதும், புகைப்புரையில் ரப்பர் ஷீட் காயவைத்துக்கொண்டிருக்கும் வர்க்கியையும், சமையலறையில் இருக்கும் பின்ஸியையும் குதிகாலைக் கடிக்காத குறையாகத் தள்ளிக்கொண்டு வந்து ஜெபத்துக்கு நிறுத்தும். நாலு தலையும் சேர்ந்ததும் வாசற்படியில் குறுக்கே படுத்துத் தூங்கிவிடும். நாய்க்கு என்ன பக்தி என்று ஊரே மெச்சியது. கோயில் மணியடித்து ஆள் கூட்டுகிறவரைக் கப்பியார் என்பார்கள். வர்க்கி அதையே நாய்க்குப் பெயராக வைத்தார். நிஜமான கப்பியார் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், இதே மழைக்காலத்தில், பின்ஸி எலிக்காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். அதற்கப்புறம் நாயோடு காலம் தள்ள முடியாமல் போனது. ஒரு தலை குறைகிறது என்று விடிய விடியத் தோட்டத்தைச் சுற்றியது. கொச்சியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் ஆசையாக வாங்கிக்கொண்டு போனான். பிறந்தநாள் விருந்துக்கு வந்த அத்தனை பேரையும் அது ஒரே படுக்கையறையில் அடைத்து வாசலில் காவல் உட்கார்ந்த மறுநாளே திரும்பிவிட்டது. பிறகு வாகமண்ணில் ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் டோமிச்சன். அவரும் போன வாரம் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

"வேலையில ஒரு குறை சொல்ல முடியாது சோஜா. அம்பத்திரண்டு ஆட்டையும் அஞ்சே நிமிஷத்துல அடைச்சிரும். அடைச்சிட்டு, ஒண்ணு குறையுதுன்னு மறுபடியும் கிளம்பிரும்."

"நாய்க்கு எங்க டோமிச்சா எண்ணத் தெரியும்?" சோஜன் சிரித்தான்.

"என் பொண்டாட்டியையும் சேர்த்து ஒரு நாள் பட்டியில அடைச்சிருச்சு. அன்னிக்கும் அதுக்குக் கணக்கு சரியா வரல. அது தேடற உருப்படி என்கிட்ட இல்லப்பா."

சோஜன் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். ஷைபி இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து பத்து மாதம்தான் ஆகிறது. செத்துப்போனவளின் நாயை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதோடு அவள் மனசெல்லாம் வேறொன்றின் மேல் இருந்தது. ஜெபம் முடிந்ததும் சிறியவர்கள் கை கூப்பிப் பெரியவர்களுக்கு ஒவ்வொருவராக ஸ்துதி சொல்ல வேண்டும். ஐரின் அப்பச்சன் வர்க்கிக்குச் சொல்வாள், பப்பாவுக்குச் சொல்வாள், ஷைபியைத் தாண்டி ஓடிவிடுவாள். ஒன்பது மாதம் இப்படி. போன வெள்ளிக்கிழமை முதல் தடவையாக அவள் முன்னால் வந்து நின்று, தரையைப் பார்த்தபடி, "ஈசோவுக்கு ஸ்துதி, மம்மி" என்றாள். "இப்பவும் எப்பவும் ஸ்துதி, மோளே" என்று பதில் சொல்லி ஷைபி அவள் தலையில் கை வைத்தாள். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வாள்.

திங்கட்கிழமைதான் அந்தப் பிசகு நடந்தது. ஜெபத்தின் கடைசியில் வீட்டில் உயிரோடு இருப்பவர்களின் பெயர்களைச் சொல்லி ஒரு ஜெபம், செத்தவர்களின் பெயர்களைச் சொல்லி ஒரு ஜெபம். வர்க்கிக்கு எழுபத்தொன்பது வயது. கண்ணை மூடிக்கொண்டு, பழகிய ராகத்தில், "உயிரோட இருக்கிற எங்க சோஜனுக்காகவும், பின்ஸிக்காகவும், ஐரின்மோளுக்காகவும்" என்றார்.

யாரும் திருத்தவில்லை. ஜெபத்தின் நடுவில் குறுக்கே பேசி இந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை. சோஜன் தலை குனிந்தான். ஷைபி வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். நாலு பேரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். அவளும்தான் சொன்னாள்.

நகச் சத்தம் நின்றுவிட்டது. கப்பியார் காதுகளை நிமிர்த்தி மழையைப் பார்த்தது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று தெரிந்த மாதிரி, படியிறங்கிப் போனது.

"வயசாயிருச்சு, நாக்கு புரண்டிருச்சு. அதைப் போய் மனசுல வச்சுக்காதடீ" என்றான் சோஜன், கப்பைக்கிழங்கும் மீன் கறியும் பரிமாறும்போது.

"நான் ஒண்ணும் வச்சுக்கல இச்சாயா. நாய் எங்க போச்சு?"

"எங்க போகும்? வரும்."

செவ்வாய் சாயங்காலம் துணி எடுக்கப் போனபோது அதைப் பார்த்தாள். தோட்டத்தின் கோடியில், ரப்பர் மரங்கள் இருட்டிக்கொண்டு வரும் இடத்தில், கப்பியார் வயிறு தரையில் உரசப் பதுங்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தது. இரண்டடி வலது பக்கம் ஓடும், நிற்கும். மூன்றடி இடது பக்கம் ஓடும், நிற்கும். தலையைத் தாழ்த்தி, கண்ணிமைக்காமல், முரண்டு பிடிக்கிற ஆட்டை ஓட்டுகிற மாதிரி எதையோ வீட்டுப் பக்கமாக ஓட்டிக்கொண்டிருந்தது. நாய்க்கு முன்னால் ஒன்றும் இல்லை. ஈரச் சருகு மட்டும்தான். அந்தச் சருகு, நாய் இன்னும் வந்து சேராத இடத்தில், ஒவ்வொன்றாக அமுங்கியது.

புதன்கிழமை அது கிணற்றடி வரை வந்துவிட்டது. ஷைபி டெல்லியில் எட்டு வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள், பிணத்தைத் துடைத்துக் கட்டி அனுப்பிவிட்டு வந்து சாயா குடித்தவள். அவளுக்குப் பயம் என்பது சட்டென்று வருவதில்லை. ஆனாலும் அன்றைக்குக் கிணற்றடியில் புதிதாக வெட்டிய மண்ணின் வாசனை வந்தது. மழையில் மண் மணக்கும்தான். இது அந்த மணம் இல்லை. ஆழத்து மண், வேரும் சுண்ணாம்பும் கலந்த மண். வாளியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டாள்.

வியாழன் அன்று புகைப்புரைத் திண்டு வரை. ஜெபத்துக்கு நடுவே வாசல் பக்கம் நாயின் மூச்சிரைப்பு கேட்டது. அதோடு இன்னொரு சத்தமும். ஈரக் கால் வைத்து ஈரக் கால் எடுக்கிற சத்தம். ஐரின் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, வெட்கப்படுவது போலச் சிரித்தாள். ஸ்துதி சொல்லும்போது ஷைபியின் முன்னால் வந்து நின்றவள், கூப்பிய கையோடு அவள் முகத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அன்றிரவு ஷைபி வாய்விட்டுச் சொன்னாள். "நாயைக் கொண்டுபோய் விட்டுருங்க இச்சாயா. எனக்காக."

"அது உன்னை என்னடீ பண்ணுச்சு?"

"அது யாரையோ கூட்டிட்டு வருது."

சோஜன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் பயம் இல்லாததுதான் அவளை உலுக்கியது. அங்கே இருந்தது ஆசை. "ஞாயித்துக்கிழமை கோயில்ல குர்பானை முடிஞ்சு பார்க்கலாம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஞாயிறுவரை காத்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஆறரை மணிக்கு, ஒரு துண்டு மீனைக் காட்டி நாயைப் புகைப்புரைக்கு அழைத்துப் போய், கழுத்துப் பட்டையில் சங்கிலி மாட்டித் தூணில் கட்டினாள். கப்பியார் முரண்டு பிடிக்கவில்லை. மீனை மோந்தும் பார்க்கவில்லை. அவளையே பார்த்தது.

திரும்பி நடக்கும்போது கரண்ட் போனது. மழை வலுத்துத் தகரக் கூரையில் கொட்டியது. உள்ளே யாரோ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். முற்றத்தில் பாதி தூரம் வந்தவள் நின்றாள்.

வாசற்படிக்கு முன்னால் கப்பியார் இருந்தது. கழுத்தில் பட்டை இல்லை.

"போடா அந்தப் பக்கம்."

அது நகரவில்லை. உறுமவும் இல்லை. அவள் இடது பக்கம் ஒதுங்கினாள், அதுவும் ஒதுங்கியது. வலது பக்கம் போனாள், அதற்கு முன்னால் அது அங்கே இருந்தது. தலை தாழ்ந்திருந்தது. கண் இமைக்கவில்லை. மந்தையிலிருந்து ஒரு ஆட்டை மட்டும் பிரித்து ஒதுக்குவதும் இந்த ஜாதிக்கு ஒரு வேலை என்று டோமிச்சன் திரும்ப ஜீப் ஏறும்போது சொன்னது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

உள்ளே வர்க்கியின் குரல் எழுந்தது. ஜெபம் தொடங்கிவிட்டார்கள். அவள் இல்லாமல்.

"இச்சாயா!" கத்தினாள். "அப்பச்சா!" மழை எல்லாவற்றையும் விழுங்கியது. சுவரோடு சுவராக நகர்ந்து கூடத்து ஜன்னலுக்குப் போனாள். நாய் அதற்கு மட்டும் விட்டது.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முதுகுகள். வர்க்கி. சோஜன். ஐரின்.

சமையலறைக் கதவை ஒட்டி, நாலாவது.

தலையில் வெள்ளை முக்காடு. அது நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முழங்காலைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கிப் பரவிக்கொண்டிருந்தது. யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பயப்படவும் இல்லை. எப்போதும் அங்கே இருக்கிறவளுக்குப் பக்கத்தில் இருப்பது போல இருந்தார்கள்.

ஜெபம் முடிந்து ஐரின் எழுந்தாள். அப்பச்சனுக்கு ஸ்துதி சொன்னாள். பப்பாவுக்குச் சொன்னாள். பிறகு ஓடவில்லை, தயங்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை.

"ஈசோவுக்கு ஸ்துதி, மம்மி!"

முக்காடு குனிந்தது. மண்ணடைத்த தொண்டையிலிருந்து ஒரு குரல் பதில் சொன்னது. அத்தனை மழையிலும் ஷைபிக்கு அது ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டது.

"இப்பவும் எப்பவும் ஸ்துதி, மோளே."

ஷைபி ஜன்னலை அறைந்தாள். கை வலிக்க அறைந்தாள். ஐரின் திரும்பினாள். நேராகப் பார்த்தாள்.

"பப்பா, ஜன்னல்ல யாரோ."

சோஜன் டார்ச்சோடு கதவைத் திறந்தான். வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. அவள் அவன் பெயரைச் சொன்னாள். வெளிச்சம் அவளைத் தாண்டிப் போய் மழையில் அலைந்து திரும்பி வந்தது.

"ஒருத்தரும் இல்ல மோளே. மழைதான்." பிறகு குனிந்து, இந்தப் பத்து மாதத்தில் அவள் கேட்டிராத சந்தோஷத்தோடு சொன்னான். "என்னடா கப்பியாரே, எல்லாரும் வந்தாச்சுல்ல?"

கதவு சாத்திக்கொண்டது.

நாய் அவளை நோக்கி ஒரு அடி வைத்தது. அவள் கால் தானாகப் பின்னால் போனது. இன்னொரு அடி. புகைப்புரை. இன்னொன்று. கிணற்றடி. கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, ஆழத்து மண் வாசனைதான் வந்தது. முதுகில் முதல் ரப்பர் மரம் தட்டியது.

அங்கே விட்டுவிட்டுக் கப்பியார் திரும்பி ஓடியது. படியேறியது. வாசலில் குறுக்கே படுத்து, முன்னங்காலில் தலையை வைத்து, கண்ணை மூடியது. மூன்று வருடத்துக்கு அப்புறம் அந்த நாய் தூங்கியது.

ஷைபி ஒரு அடி எடுத்து வைத்தாள். சருகு அமுங்கியது. தூங்குகிற நாயின் ஒரு காது மட்டும் நிமிர்ந்தது.