ஐந்தாம் மேஜை

மத்தியானம் மூன்றரைக்கு, கரன்ட் போய்க் கால் மணி நேரம் ஆன பிறகு, டோக்கன் மிஷின் ஒரு சீட்டைத் துப்பியது.

சென்னப்பன் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தான். சந்தேப்பேட்டையில் இருந்த அவன் ஹோட்டலில் மூன்றிலிருந்து நாலு வரை வியாபாரம் கிடையாது. ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிடுவான். வெளியே மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது, உள்ளே புளித்த மாவும் ஆறிய எண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த வாடை மூக்கை அடைத்தது, பின்கட்டில் எங்கோ குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

சீட்டைக் கிழித்துப் பார்த்தான். மேஜை 5. காபி 1.

இதென்ன கூத்து? மிஷினுக்கு மேஜை ஏது? அது வந்த வாரமே மேஜை நாற்காலிகளைத் தூக்கியாகிவிட்டது. காசைப் போட்டுப் பொத்தானை அமுக்கி, சீட்டைக் கிழித்து, தட்டை வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

தொண்டையில் ஏதோ உறுத்தியது. செருமினான். போகவில்லை.

ஐந்தாம் மேஜை கரியப்பன் பார்த்துக்கொண்டது. அவனும் சென்னப்பனும் கொள்ளேகாலிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே ஹோட்டலில் சப்ளையர் வேலைக்கு நின்றவர்கள். சப்ளையருக்கு அப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. மேஜையிலிருந்து கூப்பிட்டால், வந்துவிட்டேன் என்பதற்குக் கன்னடத்தில் "பந்தே!" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால், கேட்டது வந்து சேரும்வரை அந்த மேஜையை விட்டு நகரக் கூடாது. சென்னப்பன் பிறகு முதலாளியானான். அவனிடம் கரியப்பன் இருபத்திரண்டு வருஷம் அடுப்படிக்குக் கேட்கும்படி கத்தினான். கத்திக் கத்திக் குரலே போனது. குரல் போன மாதமே மிஷின் வந்தது.

"கையுங் காலும் நல்லாத்தானுங்க இருக்குது மொதலாளி," என்று வெறுங்காற்றாகக் கெஞ்சினான் கரியப்பன். "தொண்டை இங்கதானுங்க போச்சு."

"மிஷினுக்குத் தொண்டையே வேண்டாம்டா. கிளம்பு." வாடிக்கைக்காரர்கள் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான் சென்னப்பன். அக்கிரமம்தான். அது அவனுக்கும் தெரியும்.

இன்று காலை பாத்திரம் தேய்க்க வந்த அஞ்சலை, முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள்: "கரியப்பண்ணன் செத்து இன்னிக்குப் பதினொண்ணுங்க. கடைசியில தண்ணிகூட எறங்குலியாமா."

கடக். இன்னொரு சீட்டு. மேஜை 5.

சென்னப்பனின் தொண்டை சுரீரென்றது, உள்ளிருந்து யாரோ ஒரு துண்டைக் கிழித்தெடுத்தது போல. செம்பை எடுத்துத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றினான். இறங்கவில்லை. அத்தனையும் வாயோரம் வழிந்து சட்டையை நனைத்தது.

கடக். கடக்.

பயந்துபோய் மிஷினின் பக்கக் கதவைத் திறந்தான். பேப்பர் சுருள் இல்லை. வெறும் உருளை தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்படியென்றால் சீட்டு எங்கிருந்து வருகிறது?

ஓடிவிட வேண்டும். ஷட்டர் பத்தடியில். குனிந்தால் தெரு. இரண்டு எட்டு வைத்தான்.

"சென்னா!"

ஐந்தாம் மேஜை இருந்த மூலை. கணீரென்ற குரல். இருபது வயதுக் கரியப்பனின் குரல்.

பழகிய வாய். யோசிக்கவில்லை.

"பந்தே!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. கால் தூக்க வரவில்லை. தரையோடு தரையாக நின்றது. மூலையில் யாருமில்லை. ஈரத் தரையில் நாற்காலி இழுபடும் சத்தம் மட்டும். யாரோ நிதானமாக உட்கார்ந்தார்கள்.

"அந்தத் தொண்டையக் கொண்டா."

கத்த வாயைத் திறந்தான். குரல் இல்லை. காற்றுகூட இல்லை. நாக்கின்மேல் மொடமொடவென்று என்னவோ வந்து நின்றது. விரலால் பிடித்து இழுத்தான். காகிதம். இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. முழங்கை நீளம் வந்தும் முடியவில்லை. சிவப்பாக நனைந்திருந்தது.

நாலு மணி. கரன்ட் வந்து குழல்விளக்கு மினுக்கியது. காபிக்குக் காத்திருந்தவர்கள் தாங்களே ஷட்டரைத் தூக்கினார்கள்.

என்னைப் பாருங்களேன் என்று கண்ணால் கதறினான். யாரும் பார்க்கவில்லை. மிஷின் வந்த நாளிலிருந்து இங்கே யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

முன்னால் நின்றவர் நனைந்த குடையை உதறிவிட்டுக் காசைப் போட்டார். பொத்தானை அமுக்கினார்.

கடக்.

சென்னப்பனின் அடித்தொண்டையில் ஏதோ பிய்ந்தது. அவர் இரண்டு விரலால், அவன் உதட்டோரம் வந்து நின்ற சீட்டைக் கிழித்துக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்தவர் காசை எடுத்தார். வரிசை தெருவரை நின்றது.