ஒன்றும் சாகாத கொட்டகை

அன்று காலை கொட்டகையில் ஒரு கோழிகூடச் செத்துக் கிடக்கவில்லை.

விடிந்ததும் வாளியோடு உள்ளே போய், இரவில் செத்தவற்றைக் காலைப் பிடித்துத் தூக்கிப் போட்டு வருவது அவள் வேலை. ஆயிரக்கணக்கில் வளர்க்கும் இடத்தில் நாலைந்தாவது விறைத்துக் கிடக்காத நாள் கிடையாது. காலடி உமியின் சூடும், மூக்கைக் குத்தும் எச்ச நாற்றமும், மின்விசிறியின் இரைச்சலும் வழக்கம்போலத்தான் இருந்தன. ஆனால் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் எல்லாமே உயிரோடு, கொழுகொழுவென்று, தண்ணீர்க் குழாயின் கீழே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. வெறும் வாளி அவள் கையில் கனத்தது.

“சாகலைன்னா சந்தோஷப்படுவாங்களா, இப்படி மூஞ்சியைத் தூக்கி வச்சிப்பாங்களா?” என்றான் கணவன். “மருந்து வேலை செய்யுது. மருந்து விக்கற அந்த ஆளு சும்மாவா சொன்னான், இதைக் குடிச்சா கல்லுக்கும் றெக்கை முளைக்கும்னு!”

நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த மருந்துப் பொடியைத் தினமும் கோழிகளின் தொட்டியில் கரைப்பார்கள். பொடிசு என்று அவர்கள் செல்லமாகக் கூப்பிடும் மகளுக்குக் காய்ச்சல் வந்தால், அதே தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு கொடுப்பாள். கோழிக்கு ஆகிறது பிள்ளைக்கு ஆகாதா? ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அன்று ராத்திரி காய்ச்சல் வந்தபோதும் கொடுத்தாள். இறங்கவில்லை. வயிற்றுப்போக்கில் ரத்தம் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

“இது கோழிகிட்ட இருந்து வந்த கிருமிம்மா,” என்றார் டாக்டரம்மா, நாலு நாள் கழித்து. “கோழியை ஒண்ணும் பண்ணாது. அதுங்க வயித்துல குடித்தனமே நடத்தும். பாப்பாவுக்கு இப்ப ரத்தத்துல கலந்துடுச்சு.”

“மருந்து குடுங்கம்மா.”

“எல்லாம் குடுத்துப் பார்த்துட்டோம். அந்தக் கிருமிக்கு எல்லா மருந்தும் பழகிப்போச்சு.”

எங்கே பழகியது என்று அவளுக்குக் கேட்காமலே தெரிந்தது. தொட்டித் தண்ணீரை மொண்டு கொடுத்த விரல்களைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவன் கட்டில் பக்கத்திலிருந்து திரும்பாமலே சொன்னான்: “மாத்துத்துணி எடுத்துட்டு வா. நான் புள்ளையைப் பார்த்துக்கறேன்.”

வீட்டுக்கு வந்தவள் துணியை எடுக்கவில்லை. நேரே தொட்டிக்குப் போய் அடியிலிருந்த மூடியைத் திருகிப் பிடுங்கினாள். இனிப்பும் கசப்புமாக மணத்துக்கொண்டு அந்தத் தண்ணீர் அவள் பாதங்களை நனைத்து ஓடியது. அது வடிந்து முடிந்த பிறகுதான் கவனித்தாள், கொட்டகையிலிருந்து கோழிச் சத்தமே இல்லை. தூங்கும்போதுகூட அத்தனை தொண்டைகளும் மெல்ல முனகிக்கொண்டேதான் இருக்கும். இப்போது மூச்சுகூடக் கேட்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

மங்கிய விளக்கில் எல்லாம் அவளுக்கு முதுகைக் காட்டி நெருக்கியடித்து நின்றன. விலக்கிக்கொண்டு நடந்தாள். நடுவில் ஓரிடத்தில் மட்டும் வெறும் உமி தெரிந்தது. கோழிகள் அதைச் சுற்றி வேலி கட்டியது போல நின்றன. வட்டமில்லை. நீளவாக்கில், ஒருக்களித்த ஒரு சின்ன உடம்பின் அளவு. மடக்கிய முழங்கால். கன்னத்துக்கு அடியில் கொடுத்த கை.

பொடிசு அப்படித்தான் தூங்குவாள்.

மண்டியிட்டுத் தொட்டாள். உமி காய்ச்சலாகச் சுட்டது.

“நான்தான்டி தங்கம். அம்மா வந்திருக்கேன்டி.”

பாதம் இருந்த இடத்தில் ஒரு கோழி அடியெடுத்து வைத்தது.

“சூ! போ!” கையை வீசினாள். அது நகரவில்லை. இன்னொன்று வந்தது. பிடித்துத் தள்ளினாள். தள்ளிய இடத்தில் இரண்டு நின்றன. உமியை அள்ளி எறிந்தாள். அடித்தாள். ஒன்றும் மிரளவில்லை. ஒன்றும் கத்தவில்லை.

முழங்கால் மறைந்தது.

இடுப்பு.

நெஞ்சு.

“அதை மட்டும் விடுங்க. அதை மட்டும்.”

முகம் இருந்த இடத்தை இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள். உமிக்குள் சூடு இன்னும் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக ஆறியது.

அவள் புறங்கையில் ஒரு கால் வந்து நின்றது. கனமான, நோயில்லாத கால்.

பிறகு இன்னொன்று.