உள்ளங்காலில் ஒரு சுண்டு

மழையில் ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி எப்சி அந்தக் குரோம்பேட்டை ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது பகல் மணி இரண்டு. வெளியே அந்தியைப் போல இருட்டிக் கிடந்தது. மூன்றாம் மாடியில், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நுழையவேண்டிய பச்சிளங்குழந்தைகள் வார்டு. நர்ஸாக அவளுக்கு அங்கே முதல் நாள். இருந்தது ஒரே ஒரு குழந்தை. அனுப்பிரியா என்பவளுக்கு எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட பெண்.

"அப்பப்போ மூச்சு விட மறந்துடும்," என்றாள் சீனியர் நர்ஸ் ஹேமாவதி. "இருபது செகண்ட் ஆனா மானிட்டர் கத்தும். பதறாத. உள்ளங்கால்ல ஒரு சுண்டு சுண்டு, முழிச்சுக்கும்."

"முழிக்கலேன்னா, அக்கா?"

"என்னைக் கூப்பிடு. கீழ டீ குடிச்சுட்டு வந்துடறேன். மானிட்டரையே முறைச்சுட்டு இருக்காத, அது ஒண்ணும் உன் மாமியார் இல்ல."

கதவு சாத்திக்கொண்டது. ஸ்பிரிட் வாடை. ஏசியின் முனகல். குழந்தையின் விலா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

நின்றது.

எப்சி எண்ணத் தொடங்கினாள். ஐந்தைத் தொடுவதற்குள் டக்கென்று ஒரு சத்தம். குழந்தையின் கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. வீறிட்டு அழுதது. உள்ளங்காலில் நக அளவுக்குச் சிவப்பு.

அவள் இன்னும் கையை நீட்டவே இல்லை.

அரை மணி நேரத்தில் மூன்று முறை அப்படி. மானிட்டர் ஒருமுறைகூடக் கத்தவில்லை. குழந்தையை எதுவோ அடிக்கிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. உயரமான ஸ்டூலை இழுத்துப் போட்டு, கால்கள் தொங்க உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாதங்களை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"தொடாத," என்று கிசுகிசுத்தாள். "புள்ளய விட்டுடு."

மூச்சு நின்றது.

டக். அவள் புறங்கையில் விழுந்தது. ஐஸாய்க் குளிர்ந்த ஒரு விரல்.

டக். டக்.

இன்னும் பலமாக. இன்னும் அவசரமாக. பயத்தில் அவள் மேலும் இறுக்கிப் பிடித்தாள்.

மானிட்டர் கத்தியது.

குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. சுண்ட வேண்டும். விரல்கள் மரத்துப்போய் மடங்க மறுத்தன. எதை மறித்துக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கைகளை விலக்கினாள்.

"சுண்டுங்க," என்றாள். "ப்ளீஸ், சுண்டுங்க."

டக்.

குழந்தை வீறிட்டது. நீலம் மெல்ல வடிந்தது.

படியில் ஹேமாவதி ஓடிவரும் சத்தம் கேட்டது. எப்சி அசையவில்லை. எவ்வளவு நேரமாக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்டூலுக்கு அடியில், அவளுடைய வெறும் உள்ளங்காலில், டக்கென்று ஒரு சுண்டு விழுந்தது.