கறுப்படித்த முன்விளக்கு

பேட்டரி வைக்காத லாரியின் முன்விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

கரண்ட் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஐப்பசி மழை பொழுது சாயும் முன்பே திருநகரை இருட்டாக்கியிருந்தது. அடுப்படியில் தீப்பெட்டி தேடிவிட்டுத் திரும்பிய இன்னாசிமுத்து, மேஜையில் சாண் நீளத்துக்கு நின்ற, தானே மரத்தில் செய்த ராணுவ லாரிப் பொம்மையைப் பார்த்துக் கதவருகிலேயே நின்றுவிட்டார். எதிர்ச்சுவரில் மஞ்சளாக இரண்டு வட்டங்கள். வெளிச்சம் ஏதோ வெளியிலிருந்து பட்டு மின்னுகிறது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினார். வட்டங்கள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

பள்ளிக்கூட ஆபீசில் ஒரு ஃபைலை ஒழுங்காகக் கட்டத் தெரியாத மனுஷர் என்று பெயரெடுத்தவர், வீட்டில் அந்த நகக்கண் அளவு விளக்குகளோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தார். ரவிக்கைக்குத் தைக்கிற பிரஸ் பட்டனின் கிண்ணம்தான் விளக்கின் கூடு. அதற்குள் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வைத்து, சைக்கிள் பால்ரஸ் குண்டால் அழுத்தி வழவழவென்று பதித்திருந்தார். முன்கண்ணாடிதான் அமையவில்லை. மருந்து பாட்டில் சில்லு, பழைய மூக்குக்கண்ணாடி, எதை வைத்தாலும் பொம்மை விளக்காகவே இருந்தது.

திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சில்லு இருந்தது. எழுபத்தொன்றில் நடந்த சண்டையில், இருட்டில் லாரியோடு மரத்தில் மோதிச் செத்த தம்பி ராயப்பனின் வண்டி விளக்குச் சில்லு. அவன் துணிமணிகளோடு தகரப்பெட்டியில் வந்தது. அதை விளக்குக்குக் கேட்டபோது மனைவி பிலோமினாள் மறித்தாள்.

"அவுக கடைசியாப் பாத்தது அந்த வெளிச்சத்துலதான. அதுலயா போயி விளையாடுவீக?"

நாளை கல்லறைத் திருநாள். தம்பிக்கு இந்த ஊரில் கல்லறை கிடையாது. அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு லாரியை வைத்துவிட வேண்டும் என்று இன்னாசிமுத்துவுக்கு ஆசை. இன்று காலை பிலோமினாள் தலை நிறையக் கனகாம்பரம் வைத்துக்கொண்டு பொழுது சாயத் திரும்பிவிடுவதாகச் சொல்லித் திருமங்கலத்தில் அம்மா வீட்டுக்கு பஸ் ஏறியதும், சில்லை எடுத்து இரண்டாக உடைத்து உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து ஒட்டிவிட்டார். விளக்குக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ராயப்பனோடு பட்டாளத்தில் லாரி ஓட்டிய வெள்ளைத்துரை மதியம் வந்து குனிந்து பார்த்தான்.

"லைட்டு இம்புட்டுப் பளிச்சுன்னு இருக்கப்படாதுண்ணே. சண்டை நேரத்துல கண்ணாடிக்குப் பாதி கறுப்பு அடிச்சிருவாக. நம்ம ராயப்பன் ரோடு தெரியலன்னு நகத்தால சுரண்டிக்கிட்டே இருப்பான். அவன் செத்த அன்னைக்கு முழுசா அடிச்சுட்டாக."

"வெளிச்சம் இல்லைன்னா நிப்பாட்டிற வேண்டியதுதானப்பா?"

"வரிசையில போறப்ப நிப்பாட்டப்படாதுண்ணே. குருட்டாம்போக்குல போயிக்கிட்டேதான் இருக்கணும்."

அவன் போன பிறகு இன்னாசிமுத்து கறுப்பு பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் மேஜையில் எடுத்து வைத்திருந்தார்.

இப்போது அறையில் டீசல் வாடை அடித்தது. மேஜைக்கால் வழியாக ஓர் அதிர்வு தரையில் இறங்கி அவர் உள்ளங்காலைத் தொட்டது. லாரியின் இன்ஜின் ஓடுகிறது. மரக்கட்டையில் செதுக்கிய இன்ஜின். சுவரில் இரண்டு வட்டங்களும் விரிந்து ஒன்றாயின. நனைந்த தார் ரோடு ஒன்று அதற்குள் ஓடத் தொடங்கியது. இரு பக்கமும் கறுப்பும் வெள்ளையும் பட்டையடித்த புளியமரங்கள் ஒவ்வொன்றாக வந்து விலகின. எல்லைப்புறத்து ரோடாக இருக்கட்டும், ஆண்டவரே, தம்பி செத்த ரோடாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மைல்கல் ஒன்று வந்தது. அவருக்குத் தெரிந்த மைல்கல். தினமும் அதைக் கடந்துதான் ஆபீசுக்குப் போகிறார். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வரும் ரோடு.

தூரத்தில், ரோட்டோரமாக, ஒரு நீலக் குடை. குடையில் காக்கி ஒட்டு. அந்த ஒட்டைப் போட்டவர் அவர்தான்.

"பிலோமி, விலகு. விலகிப் போ."

குடை திரும்பவில்லை. இன்ஜின் வேகம் எடுத்தது.

லாரியைத் தூக்கப் பார்த்தார். ஒரு கையால் தூக்கி விளையாடிய பொம்மை இம்மியும் அசையவில்லை. பிளேடைக் கொடுத்துக் கண்ணாடியை நெம்பினார். பிளேடு ஒடிந்தது. விரல் சுட்டது. குடை பெரிதாகிக்கொண்டே வந்தது. குடைக்குக் கீழே ஈரப் புடவை, கையில் பை, கொண்டையில் கனகாம்பரம்.

டப்பா கண்ணில் பட்டது. விளக்கு போனால் எந்த டிரைவரும் பிரேக் அடிப்பான். அடித்துத்தானே ஆக வேண்டும்.

பிரஷைக் கறுப்பில் முக்கினார். ஒரு விளக்கு. அடுத்த விளக்கு. முழுசாக.

இருட்டு.

ரோடு இல்லை. குடை இல்லை. மழை மட்டும் கேட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டார்.

இன்ஜின் நிற்கவில்லை.

நிப்பாட்டப்படாதுண்ணே.

"ராயப்பா," என்றார். "டேய், ராயப்பா. அண்ணிடா."

கைவிரலால் பெயிண்டைத் துடைத்தார். தேய்த்தார். கண்ணாடியோடு காய்ந்து இறுகியிருந்தது.

மேஜை ஒருமுறை குலுங்கியது. எதன் மீதோ ஏறி இறங்கியதுபோல. முதலில் முன் சக்கரம். பிறகு பின் சக்கரம்.

இன்ஜின் அடங்கியது.

அவர் நகரவில்லை. கறுப்புக்கு உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. சர்ர். சர்ர். கண்ணாடியை உட்புறமிருந்து யாரோ நகத்தால் சுரண்டினார்கள். மயிரிழை அளவுக்குக் கறுப்பு உரிந்து, வெளிச்சம் கீற்றாகச் சுவரில் விழுந்தது. ரோட்டில் நீலக் குடை மல்லாந்து கிடந்தது. அதில் மழைத்தண்ணீர் தேங்கிக்கொண்டிருந்தது.

சுரண்டல் நிற்கவில்லை. கீற்று அகன்று மேஜைமேலும் படர்ந்தது. லாரியின் முன் சக்கரத்தில், சக்கரத்தைவிடப் பெரிதாக, நசுங்கிய கனகாம்பரம் ஒன்று ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.