பதினெட்டு அங்குல முள்கம்பி

காலை 9.10. முள்கம்பி திருட்டுப் போய்விட்டது என்று புகார் வந்தால், கான்சாஸில் எந்தப் போலீசுக்கும் சிரிப்புதான் வரும். விசாரிக்க வந்த போலீஸ்காரி ட்வைலாவுக்கு வரவில்லை. புகார் கொடுத்த கிழவர் ஆர்லன் ட்ரைலிங், திருடன் என்று பெற்ற மகனின் பெயரையே எழுதச் சொன்னார்.

கொட்டகைச் சுவர் முழுக்கப் பலகைகள். அவற்றில் பழைய வேலிகளிலிருந்து வெட்டிச் சேர்த்து மாட்டிய கம்பிகள், சேகரிப்பவர்களின் வழக்கப்படி எல்லாம் பதினெட்டு அங்குலத் துண்டுகள். ஆறாம் பலகையில் ஐந்து இடம் காலி.

"காலியா இருக்கறத நேத்துதான் பாத்தேன். பூட்டு உடையல. சாவி என்கிட்ட, லவெர்ன்கிட்ட, பையன் ராண்டிகிட்ட. பொண்டாட்டியா திருடுவா? ராண்டிய இனிமே படியேறாதன்னுட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டான். அது போதாதா? ஆமா, நீ யார் வீட்டுப் பொண்ணு?"

மூன்றாவது முறையாகக் கேட்கிறார். ட்வைலா மூன்றாவது முறையும் பொறுமையாகச் சொன்னாள்.

மேஜையில் வேறு ஐந்து துண்டுகள் கிடந்தன.

"இந்தக் குளிர்காலத்துல கிடைச்சது. ஞாயித்துக்கிழமையானா ராண்டி வண்டில கூட்டிட்டுப் போவான். நான் உக்காந்தபடியே வேலியக் காட்டுவேன், அவன் போய் வெட்டிட்டு வருவான். இது போன வாரத்துது."

ட்வைலா அதை எடுத்துப் பார்த்தாள். நுனியிலிருந்து நுனிவரை துரு. கையுறையெல்லாம் அப்பிக்கொண்டது.

9.40. சமையலறையில் லவெர்ன், கறியும் முட்டைக்கோசும் அடைத்த ரொட்டியை வைத்துவிட்டுக் காப்பி ஊற்றினார்.

"கம்பிய எடுத்தது நீங்கதானே, மிஸஸ் ட்ரைலிங்?"

லவெர்ன் ஊற்றுவதை நிறுத்தினார்.

"போன வாரம் வெட்டின கம்பின்னா முனை பளபளன்னு இருக்கணும். இதுல ரெண்டு முனையும் துரு. வெட்டி எத்தனையோ வருஷம் ஆச்சு. போனதும் அஞ்சு, வந்ததும் அஞ்சு. நீங்க பலகைலேர்ந்து கழட்டிக் கொடுப்பீங்க. ராண்டி கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு வேலிப்பக்கம் போவார்."

"இந்தப் பக்கம் பழைய வேலியே மிச்சமில்ல," என்றார் லவெர்ன். "வெறுங்கையோட வந்தா மூணு நாள் சாப்பிடமாட்டார். தன் கையால மாட்டின கம்பியே அவருக்கு அடையாளம் தெரியலன்னு எப்படிச் சொல்றது? 'நான் திருடனாவே இருந்துட்டுப் போறேம்மா'ன்னுட்டான் ராண்டி."

வாசலில் ஆர்லன் நின்றிருந்தார். எப்போது வந்தாரோ. கையில் அந்தக் கம்பி, முனையைக் கட்டைவிரல் தடவிக்கொண்டிருந்தது.

"அம்பது வருஷமா கம்பி பொறுக்கறேன். முனையப் பாக்காம விட்டுட்டேனே," என்றார். ட்வைலாவால் அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

"ராண்டிய வரச்சொல்லு."

லவெர்ன் தொலைபேசியை எடுத்தார். ஆர்லன் ட்வைலாவின் எதிரே உட்கார்ந்தார்.

"அவன் வர ஒரு மணி நேரமாகும். அதுக்குள்ள எனக்கு மறந்துடும். மறுபடியும் விரட்டிடுவேன். ஒரு காகிதத்துல எழுதும்மா."

"என்னன்னு?"

"ராண்டி திருடன் இல்லன்னு. பெருசா எழுது. கீழ நான் கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா நான் நம்பமாட்டேன்."