வெந்நீர் வராத சமையலறை

தண்ணீர் எந்திரம் பழுதுபார்க்கும் கடையில், நெலிதா நீட்டிய மாத்தேக் குடுவையில் இருந்த சூடான இலைச்சாற்றை உறிஞ்சி முடித்த ரூபினோ, வாய்தவறி, "நன்றி" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தான். அவள் உடனே ஃபிளாஸ்க்கை மூடிவிட்டாள்.

"அண்ணி! ஒரு சுத்துதானே ஆச்சு!"

"இந்தப் போசாதாஸ் ஊர்ல பொறந்தவனுக்குத் தெரியாதா? நன்றின்னா போதும்னு அர்த்தம். இன்னும் வேணும்னா வாயத் தொறக்காம குடுவையக் கொடுக்கணும்."

அந்த நேரம் பார்த்து மிர்தா தொலைபேசியில் அழைத்தாள். "தண்ணி எந்திரத்துல மறுபடியும் வெந்நீர் வரல. இந்த மாசத்துல மூணாவது தடவை. எல்லாம் செல்சா வேலைதான். மத்தியானத்துக்குள்ள அவளை வேலைய விட்டு அனுப்பிடுவேன். நீங்க வந்து பாத்துச் சொல்லுங்க."

அவர்கள் போய்ச் சேர்ந்த அந்த வீட்டில் மூன்று பேர். மனைவி சுல்மாவைப் பறிகொடுத்து நாற்பது நாளான எவுசேபியோ; அடக்கம் முடிந்தபின் அப்பாவுக்குத் துணையாகத் தங்கிவிட்ட மகள் மிர்தா; அதே வாரம் வீட்டு வேலைக்கு வந்த செல்சா. செல்சாவின் துணிப்பை கட்டப்பட்டு வாசலருகே இருந்தது.

"மூணு வீட்ல வேலை பாத்துட்டேன்மா. எங்கயும் எம்மேல பழி வந்ததில்ல" என்றாள் அவள், நெலிதாவிடம்.

ரூபினோ தண்ணீர் எந்திரத்தை இழுத்துப் பின்பக்கம் குனிந்தான். "அண்ணி, வெந்நீர்த் தொட்டிக்குப் போற வால்வை மூடிட்டுத் தண்ணிய வடிச்சிருக்காங்க. ஹீட்டர் சுவிட்சும் அணைச்சிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினான். "தெனம் பத்து தடவ வெந்நீர் புடிக்கிற சலிப்பு. செல்சாவேதான்!"

"சுவிட்சுமேல என்னது?"

"ஒட்டுத்தாள். யாரும் போட முடியாதபடி நாலு சுத்து."

"கெடுக்கிறவங்க இவ்வளவு பத்திரமாவா கெடுப்பாங்க?" என்ற நெலிதா நிமிர்ந்தாள். "செல்சா, அதப் பிச்சிட்டுச் சுவிட்சைப் போடு."

செல்சா தயங்காமல் தாளை உரித்தாள். விரல் சுவிட்சைத் தொடப்போனது.

"வேணாம்!" என்று அலறினார் எவுசேபியோ. "தொட்டி காலி! எரிஞ்சுபோயிரும்!"

செல்சா கையை இழுத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க, பிளக்கை அப்பவே புடுங்கிட்டேன்" என்றாள் நெலிதா மெதுவாக. "அஞ்சு வருஷத்துக்கு முன்னால இத மாட்டுன அன்னிக்கு, காலித் தொட்டியோட சுவிட்சைப் போட்டா எரிஞ்சுபோயிரும்னு சொன்னது நான்தான். கேட்டது ரெண்டு பேர். நீங்க, சுல்மா. செல்சாவுக்கு அது தெரியாது, பாத்தீங்கல்ல? கெடுத்தவருக்கு எந்திரம் வீணாகக் கூடாது. வெந்நீர் மட்டும் வரக் கூடாது. ஏன், எவுசேபியோ ஐயா?"

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"கடைசி நாள் காலைல, முதல் குடுவையக் குடிச்சிட்டு, 'நன்றி, எவுசேபியோ'ன்னா. முப்பத்தொரு வருஷத்துல முதல் குடுவைக்கு அவ அப்படிச் சொன்னதில்ல. போதும்கிறான்னு நெனச்சேன். எலையக் கொட்டிக் குடுவையக் கழுவப் போனேன். போனவன் மேடையையும் தொடச்சிட்டு நின்னேன். திரும்பி வந்தப்ப அவ உசுரோட இல்ல. போயிட்டு வரேன்னு சொல்லிருக்கா. எனக்குத்தான் புரியல."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமேப்பா!"

"தெனம் காலைல அதே குடுவையத்தானே நீட்டுற. வேணாம்னு எப்படிம்மா சொல்ல? வெந்நீர் வரலன்னா மாத்தேயும் இல்லன்னு நெனச்சேன்." அவர் வாசலில் இருந்த பையைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு பையக் கட்டுறப்பக்கூட வாய் வரல, பாவி எனக்கு."

நெலிதா வால்வைத் திறந்து, தொட்டி நிறைந்தபின் சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. தண்ணீர் சுட்டதும் மிர்தா மாத்தே ஊற்றி, முதல் குடுவையைச் செல்சாவிடம் இரண்டு கையாலும் நீட்டினாள். "மன்னிச்சிரு. எங்கயும் போகாத."

செல்சா நின்றபடியே கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினாள். குடுவையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி."

எவுசேபியோவின் கை மேசை விளிம்பைப் பற்றியது. இம்முறை அவர் எழுந்து போகவில்லை.

"செல்சா, அது எந்த நன்றி? போதும்னா, போயிட்டு வரேன்னா?"

"ரெண்டுந்தான் ஐயா" என்று அவள் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

வாசலில் நின்றிருந்த ரூபினோ, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், விலகி வழிவிட்டான்.