யாரும் வராத வகுப்பு

முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வந்து உட்கார்ந்தது ஒரு பூனை மட்டும்தான்.

அதுவும் வக்கீல் அக்கா வாயைத் திறந்ததும் எழுந்து போய்விட்டது.

வேறொரு நாளாக இருந்தால் பட்டாணி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். பத்து வயதாகியும் ஆள் வளரவே இல்லை என்பதால் தெரு அவளுக்கு வைத்த பெயர் அது. இன்று அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

சாலையை அகலப்படுத்துவதற்காக அவர்கள் தெருவில் இருக்கும் நாற்பத்தாறு வீடுகளையும் இடிக்கப்போவதாக நோட்டீஸ் வந்திருந்தது. அதற்கு முன்னால் அதிகாரி ஒருவர் கூட்டம் போட்டு மக்களின் கருத்தைக் கேட்பார். யாரும் பேசாவிட்டால், எல்லோருக்கும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

தையல் ஆலையில் வேலை பார்க்கும் அம்மா, அதற்காகத்தான் இந்த வகுப்பை ஏற்பாடு செய்திருந்தாள். அதிகாரியிடம் பயப்படாமல் பேசுவது எப்படி, என்ன கேள்வி கேட்பது, எந்தச் சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்றெல்லாம் வக்கீல் அக்கா சொல்லித் தருவார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள், நூலகத்து மாடியில். முதல் ஞாயிறு மூன்று பேர் வந்தார்கள். இன்று அவர்களும் இல்லை.

வாசலில் மேசை போட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவது பட்டாணியின் வேலை. நோட்டில் மூன்று கட்டங்கள். பெயர், வீட்டு எண், கையெழுத்து. கோடுகளை அவளே அளவுகோல் வைத்துப் போட்டிருந்தாள்.

யாருமே வரவில்லை என்று சொல்ல முடியாது. படியேறி வந்தார்கள். வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

முதலில் இஸ்திரி அத்தை வந்தார். பட்டாணி நோட்டை முன்னால் தள்ளி, "இதுல எழுதுங்க அத்தை" என்றாள். அத்தை பேனாவைப் பார்த்தார்.

"ஐயையோ, அடுப்புல பால் வச்சது மறந்தே போச்சு!" என்று கீழே இறங்கிவிட்டார்.

பிறகு காவலாளி மாமா வந்தார். "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன். எடுத்துட்டு வந்துடறேன்" என்றார். கண்ணாடி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. போனவர் வரவே இல்லை.

நாற்காலிகளை மடக்கி அடுக்கிவிட்டு அம்மா படியில் உட்கார்ந்தாள்.

"அடுத்த வாரம் வேணாம். வக்கீலையும் எதுக்கு அலைய வைக்கணும்?"

"அப்ப நம்ம வீடு?"

"வீடு போனா போகுது பட்டாணி. ஒரு வார்த்தைகூடப் பேசாம போகப்போறோமே, அதைத்தான் தாங்க முடியல."

அம்மா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பட்டாணிக்குத் தோன்றியது. எதிர்வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே காலி செய்துவிட்டார்கள். போகும்போது ஜன்னல்களையும் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். அந்த ஓட்டைகளைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழைய, பட்டாணி தலையைக் குனிந்துகொண்டே நடந்தாள்.

மறுநாள் மாலை, துணிகளை எடுத்துக்கொண்டு இஸ்திரி அத்தையிடம் போனாள். கடை முழுக்க மூட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிற நூல். பட்டாணி வீட்டு மூட்டைக்குப் பச்சை நூல், இரண்டு முடிச்சு.

"எதுலயும் பேர் எழுதலையே அத்தை, மாறிப்போகாதா?"

"இத்தனை வருஷத்துல ஒரு கைக்குட்டை மாறினது கிடையாது. பேர் எதுக்கு? நூல் இருக்கே" என்று சொன்ன அத்தை, சட்டென்று அடுத்த சட்டையை எடுத்துத் தேய்க்கத் தொடங்கிவிட்டார்.

பட்டாணிக்கு அப்போதுதான் புரிந்தது. அத்தை நேற்று பேனாவைப் பார்த்த பார்வை கண்முன் வந்தது. மாமாவின் சட்டைப் பையும் ஞாபகம் வந்தது. அவர்களை வேறு யாரும் தடுக்கவில்லை. அவள்தான் வாசலில் உட்கார்ந்து, சிரித்த முகமாக, ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அதை அத்தையிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவருக்குத்தானே வலிக்கும்?

துணிகளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "அத்தை, இந்த ஞாயிறு நோட்டு கிடையாது. எழுதற வேலையே இல்ல. பேசறது மட்டும்தான்."

இஸ்திரிப் பெட்டி நின்றது.

"நிஜமாவா?"

"நிஜமா."

"அப்ப, அன்னைக்குக் காலையிலேயே பாலைக் காய்ச்சி வச்சிடறேன்" என்றார் அத்தை.

காவலாளி மாமாவிடமும் அதையே சொன்னாள். பிறகு வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். யார் வீட்டிலும் காரணம் கேட்கவில்லை.

அம்மா மட்டும் கேட்டாள். "நோட்டு இல்லாம எத்தனை பேர் வந்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தலையை எண்ணிக்கலாம்மா."

அம்மா அவளையே பார்த்தாள். காரணம் மெல்லப் புரிந்தது. "எனக்கு இது தோணவே இல்லையே" என்றாள் தாழ்ந்த குரலில். அன்றே வக்கீல் அக்காவுக்குப் போன் செய்து வரச் சொன்னாள்.

மூன்றாவது ஞாயிறு, பட்டாணி பதினேழு தலைகளை எண்ணினாள்.

வக்கீல் அக்கா அதிகாரியாக நடித்தார். மூக்குக்கண்ணாடியை நுனிமூக்குக்கு இறக்கி, "ம், என்ன வேணும்?" என்று அதட்டினார். முதலில் எழுந்த காவலாளி மாமா பதறிப்போய் சல்யூட் அடித்தார். அறையே சிரித்தது. பட்டாணியின் அம்மா சிரித்து எத்தனை நாளாயிற்று!

கூட்டம் நடந்த புதன்கிழமை யாரும் சிரிக்கவில்லை. உண்மையான அதிகாரி அதட்டவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். யார் பேசினாலும் கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா பேசினாள். மாமாவும் பேசினார். கடைசியாக இஸ்திரி அத்தை எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்தத் தெருத் துணியைத்தான் தேய்க்கிறேன். ஆளுக்கொரு மூலையா எங்களை அனுப்பிட்டா, நான் யார் துணியைத் தேய்ப்பேன்? அதுக்கு உங்க காகிதத்துல பதில் இருக்கா?"

அதிகாரி முதன்முறையாகத் தலையை நிமிர்த்தினார். ஏதோ எழுதிக்கொண்டார். "முடிவு பிறகு தெரிவிக்கப்படும்" என்று கோப்பை மூடினார்.

அவ்வளவுதான்.

எல்லோரும் தெருவுக்குத் திரும்பி வந்தார்கள். வீடு இருக்குமா, போகுமா? தெரியாது. எதிர்வீட்டு ஜன்னல் ஓட்டைகள் அப்படியே இருந்தன.

"பேசியாச்சு. வகுப்பும் முடிஞ்சுது" என்றாள் அம்மா களைப்பாக.

இஸ்திரி அத்தை நடுத்தெருவில் நின்றுவிட்டார்.

"எப்படி முடியும்? நான் பேசினப்ப அந்த ஆள் என்னமோ எழுதினாரே. சொன்னதைத்தான் எழுதினாரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அத்தை பட்டாணியின் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெளிவாக இருந்தது.

"எனக்குப் படிக்கக் கத்துத்தா. ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்?"

"பத்து மணிக்கு அத்தை" என்றாள் பட்டாணி.

"ஒன்பதுக்கே வந்துடறேன்" என்றார் காவலாளி மாமா பின்னாலிருந்து.